பெங்களூரில் வீடு: புதிதா, ரீசேலா?

சர்ஜாபூர் சாலைப் பக்கம் எழும்பிக்கொண்டிருக்கும் அப்பார்ட்மென்ட்டில் இரண்டு படுக்கையறை வீடு. 2028இல் சாவி தருவதாகச் சொல்கிறார்கள். ஏறக்குறைய அதே பணத்துக்கு ராமமூர்த்தி நகரில் பழைய வீடு ஒன்று. விற்பவர் அடுத்த மாதமே காலி செய்யத் தயார். பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேட ஆரம்பித்தால், நாலைந்து மாதம் அலைந்தபின் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஊரிலிருந்து அப்பா ஃபோனில், "புதுசா வாங்குப்பா, அடுத்தவங்க வாழ்ந்த வீடு நமக்கு எதுக்கு?" என்பார். ஆபீஸ் நண்பர், "கட்டி முடிக்காத வீட்ட நம்பாதீங்க, என் மச்சான் வாடகையும் கட்டிக்கிட்டு இ.எம்.ஐ.யும் கட்டிக்கிட்டு இருக்கான்" என்பார்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே வீட்டின் வயதை வைத்துப் பேசுகிறார்கள். இந்த ஊரில் வயதைவிடப் பத்திரம், தண்ணீர், நிலத்தில் நமக்கு எழுதித்தரும் பங்கு ஆகிய மூன்றும்தான் பின்னால் நம்மைத் தூங்கவிடும் அல்லது தூங்கவிடாது. என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன்: வாடகை கொடுத்துக்கொண்டு, கையில் பெரிய இருப்பு இல்லாமல், குடியிருக்கவே வீடு தேடும் குடும்பத்துக்கு, ஓ.சி. (குடியேறலாம் என்று உள்ளாட்சி தரும் சான்று) வாங்கிய, ஐந்திலிருந்து பத்து வருடம் ஆன ரீசேல் வீடுதான் பெங்களூரில் பெரும்பாலும் பொருந்தும். ஏன் என்று பார்ப்போம்.

கணக்கு எங்கே பிரிகிறது

90 லட்சம் ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் 45 லட்சத்தைத் தாண்டினால் முத்திரைத் தீர்வை 5 சதவீதம். அந்தத் தீர்வையின்மேல் 10 சதவீதம் செஸ், நகரப் பகுதியில் 2 சதவீதம் சர்சார்ஜ். பதிவுக் கட்டணம் 1 சதவீதமாக இருந்ததை 2025 ஆகஸ்ட் 31 முதல் 2 சதவீதமாக உயர்த்திவிட்டார்கள். எல்லாம் சேர்ந்து வீட்டு விலையில் 7.6 சதவீதம்; அதாவது 6 லட்சத்து 84 ஆயிரம். புதியதோ பழையதோ, இது இரண்டுக்கும் ஒன்றே.

கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் இதற்கு மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், நாலரை லட்சம். 45 லட்சத்துக்குள், 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்கு (சுவர்களுக்குள் நாம் புழங்கும் இடம்) மிகாமல் இருந்தால் 1 சதவீதம்தான்; ஆனால் பெங்களூரில் அந்த விலைக்குத் தேடினால் தமிழ்நாட்டு எல்லையிலுள்ள அத்திப்பள்ளி போர்டு கண்ணில் பட ஆரம்பித்துவிடும். ரீசேல் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நிறைவுச் சான்றிதழ் வந்தபிறகு பில்டரிடம் விற்காமல் நிற்கும் வீட்டை வாங்கினாலும் கிடையாது. இந்த மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதே இல்லை. முடிந்த கட்டடம், யாரும் குடியிராத வீடு, வரியும் மிச்சம். விலையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், பேரம் பேசிப் பார்க்கலாம்.

அடுத்தது வங்கி. ரிசர்வ் வங்கி விதிப்படி 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனாக இருந்தால் வீட்டு மதிப்பில் 75 சதவீதம்தான் கடனாகத் தரமுடியும். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் அந்த மதிப்பில் சேராது. 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு 80 சதவீதம். நம் கணக்கில் 80 சதவீதம் கிடைத்தால் 72 லட்சம். கைப்பணம் 18 லட்சம், அதோடு பதிவுச் செலவு, கிட்டத்தட்ட 25 லட்சம். இதுவரை சரி. ரீசேலில் ஒரு சிக்கல் வரும். விற்பவர் 90 சொல்கிறார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்த்துவிட்டு 80 என்று எழுதிவிட்டால் கடனும் 64 லட்சமாகிவிடும். 8 லட்சத்துக்கு வேறு வழி தேட வேண்டும். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மதிப்பீட்டை முடித்துவிடுவது நல்லது. "வங்கி இவ்வளவு கடன் தராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும்" என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். நிறையப் பேர் கூச்சப்பட்டு இதைக் கேட்பதில்லை.

இன்னொன்று, "கொஞ்சம் ரொக்கமா குடுத்துடுங்க, பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம்" என்ற பேச்சு. ரீசேலில்தான் இது அதிகம் வரும். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படியே தவறு. அதைவிட, பத்திரத்தில் விலை குறைந்தால் நமக்குக் கிடைக்கும் கடனும் குறையும். நாளைக்கு நாம் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து அவருடைய வரியையும் சேர்த்து நாம் கட்டுவோம்.

புதிய வீட்டின் பக்கம் விளம்பரத்தில் தெரியாத செலவு இரண்டு. ஒன்று காத்திருப்பு. மாதம் 30,000 ரூபாய் வாடகையில் இருப்பவர் சாவிக்காக மூன்று வருடம் காத்திருந்தால் 10 லட்சத்து 80 ஆயிரம் போகிறது; அதே காலத்தில் பில்டருக்கு வங்கி கொடுத்த தொகைக்கு வட்டியும் ஓடும். இரண்டாவது, சாவி வாங்கும்போது வரும் பட்டியல்: பெஸ்காம் (மின் விநியோக நிறுவனம்), குடிநீர் வாரிய டெபாசிட், கட்டடத்தின் பொதுச் செலவுக்கான கார்ப்பஸ் நிதி, ஒன்றிரண்டு வருடப் பராமரிப்பு முன்பணம், கிளப் ஹவுஸ், கத்தா (சொத்து வரிக் கணக்கு) செலவு. அதன்பிறகும் வீடு வெறும் சுவராகத்தான் நிற்கும். சமையலறை அலமாரி, கப்போர்டு, ஃபேன், விளக்கு, ஜன்னல் கிரில் எல்லாம் சேர்த்தால் சில லட்சங்கள். ரீசேலில் இவற்றில் பாதியாவது இருக்கும். நிறம் நமக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். பதிலுக்குப் புரோக்கருக்கு ஒன்றிரண்டு சதவீதம் போகும்.

ரேரா வந்தபின் மாறியதும் மாறாததும்

கட்டாத வீட்டை வாங்குவது ஒருகாலத்தில் சுத்தமான சூதாட்டம். 2016இல் நிறைவேறி 2017 மே மாதம் முழுமையாக நடைமுறைக்கு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரேரா) அதைக் கொஞ்சம் சீராக்கியது. வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி தந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை எதுவும் தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தாமதமானால் வட்டி தர வேண்டும், வேண்டாம் என்றால் பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ரேரா ஆணையத்திடம் உத்தரவு வாங்குவது ஒரு கட்டம், அந்த உத்தரவின்படி பணம் கைக்கு வருவது இன்னொரு கட்டம்; இரண்டாவது வருவாய்த் துறை வழியாக வசூலாக வேண்டியது, இழுக்கும். ஆகவே சட்டத்தைத் தகராறு வந்தபின் பயன்படுத்துவதைவிட, வாங்குவதற்கு முன் பயன்படுத்துவதே லாபம். கர்நாடக ரேரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அனுமதி வாங்கிய பிளான், முடிக்க வேண்டிய தேதி, காலநீட்டிப்பு வாங்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் தெரியும். விற்பனைப் பையன் சொல்லும் தேதிக்கும் ரேராவில் எழுதிக்கொடுத்த தேதிக்கும் ஒரு வருட வித்தியாசம் இருப்பது சகஜம். நமக்குக் கணக்கு ரேராவில் உள்ள தேதிதான்.

பெங்களூரில் பெரும்பாலான திட்டங்கள் ஜே.டி.ஏ. எனும் கூட்டு ஒப்பந்த முறையில் வருபவை. நிலம் ஒருவருடையது, கட்டுபவர் வேறொருவர். கட்டி முடித்தால் வீடுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். "லேண்ட் ஓனர் ஷேர், விலை கம்மி" என்று வரும் வீடுகள் இந்த வகை. தவறில்லை, ஆனால் எந்த வீடு யார் பங்கு என்று பிரித்து எழுதிய ஒப்பந்தத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அளவு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் கார்ப்பெட் ஏரியாவில் விற்கச் சொல்கிறது. வாய்ப்பேச்சு இன்னும், லாபி, படிக்கட்டு போன்ற பொது இடத்தில் நம் பங்கையும் சேர்த்துச் சொல்லும் சூப்பர் பில்ட்-அப்பில்தான். 1,200 சதுர அடி என்று சொல்லும் வீட்டில் நாம் பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம் 850 சதுர அடி சுமாராக இருக்கலாம். கிளப் ஹவுஸ், அகலமான லாபி, மூன்று லிஃப்ட் என்று வசதி கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். நீச்சல் குளம் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் அதே 1,200 அடி வீடு உள்ளே போய்ப் பார்த்தால் பெரிதாகத் தெரிவது இதனால்தான்.

ஓ.சி., கத்தா, கன்னடப் பத்திரம்

பிளான்படிதான் கட்டியிருக்கிறது, குடியேறலாம் என்று உள்ளாட்சி தரும் சான்றுதான் ஆக்குபன்சி சர்டிஃபிகேட். எல்லோரும் ஓ.சி. என்பார்கள். இந்த ஊரில் ஓ.சி. இல்லாத கட்டடங்கள் எக்கச்சக்கம். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்து எழுப்பியிருப்பார்கள்; பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விட்டிருக்க மாட்டார்கள். அபராதம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தலாம் என்று கொண்டுவந்த அக்ரம-சக்ரமத் திட்டத்துக்கு 2017இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. "அக்ரம-சக்ரமத்துல சரியாயிடும் சார்" என்று இன்றும் சொல்லும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி வாங்கக் கூடாது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாகவே சொன்னது: இந்தச் சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் அதைப் பார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்று. அன்றிலிருந்து ஓ.சி. இல்லாத வீட்டை வாங்குவது என்பது, நாளை நம்மிடமிருந்து வாங்கக்கூடியவர்களில் பாதிப் பேரை இன்றே இழப்பதுதான்.

விதி மீறிய கட்டடம் பேப்பர் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 2024 அக்டோபர் மழையில் ஹொரமாவு பக்கம் பாபுசாபாளையாவில் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. உள்ளே இருந்த தொழிலாளர்கள் 9 பேர் செத்துப்போனார்கள். அதுவும் புத்தம் புதுக் கட்டடம்தான்.

அப்புறம் கத்தா. சொத்து வரிக்காக உள்ளாட்சி வைத்திருக்கும் கணக்கு அது. விதிப்படி உள்ள சொத்துக்கு ஏ கத்தா. குறையுள்ளவற்றிடமும் வரி வசூலிக்க வேண்டுமே என்று வைத்த பதிவேடு பி கத்தா. பெரிய வங்கிகள் பி கத்தா என்றால் முகம் சுளிக்கும்; கடன் தரும் நிறுவனங்கள் வட்டி கூட்டிக் கேட்கும். 2024 அக்டோபரிலிருந்து மாநகர எல்லைக்குள் பத்திரப் பதிவுக்கு இ-கத்தா (மின்னணுக் கத்தா) கட்டாயம். 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சியைக் கலைத்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின்கீழ் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே எந்த அலுவலகம் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ரீசேலில் விற்பவர் பெயரில் இ-கத்தா தயாராக இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம். "அப்ளை பண்ணியிருக்கேன்" என்றால், வந்தபின் பேசுவோம் என்று எழுந்துவிடலாம்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சங்கடம் இங்கே உண்டு. இருபது வருடம் பெங்களூரில் இருந்து கன்னடம் சரளமாகப் பேசுபவர்களுக்கும் படிக்க வராது. பில்டரின் பேப்பர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். பழைய வீட்டின் தாய்ப் பத்திரம், பாகப் பிரிவினை, கத்தா நகல் எல்லாம் கன்னடத்தில் வரும். விற்பவர் கொண்டுவரும் வக்கீலோ புரோக்கரோ படித்துச் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டக் கூடாது. நமக்கென்று தனியாக ஒரு வக்கீல் வேண்டும்; வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்பது போதாது, அவர் பார்ப்பது வங்கிக்காக. வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டு வாங்கி, கைமாறிய ஒவ்வொரு பத்திரமும் அதில் வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பழைய வீட்டில் இந்த வேலை நீளும், ஆனால் ஒரே தடவையில் முடிந்துவிடும்.

ஏப்ரல் மாதத்துக் கேள்வி

பழைய வீட்டுக்கு இருக்கும் பெரிய சாதகம், கேட்டுத் தெரிந்துகொள்ள அங்கே ஆள் இருக்கிறது என்பது. ஓனரிடம் கேட்பதைவிட வாசலில் இருக்கும் செக்யூரிட்டியிடமோ, மோட்டார் போடுபவரிடமோ கேளுங்கள். பிளம்பர் பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரராக இருப்பார், "அண்ணே, ஏப்ரல் மாசம் ஒரு நாளைக்கு எத்தன டேங்கர் வருது?" என்று கேட்டால் போர்வெல் எத்தனை அடி, எப்போது வற்றியது, எந்த மாடிக்குத் தண்ணீர் ஏறாது என்பது வரை வந்துவிடும். பளபளப்பான சாம்பிள் ஃபிளாட்டில் இதைச் சொல்ல யாரும் இல்லை.

2024 கோடையை இந்த ஊர் மறக்காது. போர்வெல்கள் வற்றி, டேங்கர் விலை தாறுமாறாக ஏறி, கடைசியில் மார்ச் மாதம் அரசே தலையிட்டு 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை வைக்க வேண்டி வந்தது. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் திறந்தார்கள்: நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர், மாநகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து மேலேற்றிக் கொண்டுவரும் தண்ணீர் அது. அல்சூர், காக்ஸ் டவுன், ஜீவன் பீமா நகர் போன்ற பழைய பகுதிகளில் காவிரிக் குழாய் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. புறநகர்ப் புதுக் கட்டடத்தில் "காவிரி வாட்டர்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், இணைப்பு வந்துவிட்டதா, தெருவரை குழாய் வந்திருக்கிறதா, அல்லது வருமென்ற நம்பிக்கையா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

அதிகத் தண்ணீரும் பிரச்சினைதான். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை, பெள்ளந்தூர்ப் பக்கம் ஐ.டி.காரர்கள் டிராக்டரிலும் படகிலும் ஆபீஸ் போன படங்களை எல்லோரும் பார்த்தோம். ஏரிக்கு ஏரி தண்ணீரைக் கொண்டுபோகும் ராஜகாலுவேக்களை அடைத்துக் கட்டியதன் விலை அது. ஐந்து மழைக்காலம் பார்த்த கட்டடத்தின் பேஸ்மென்ட் சுவரைப் பார்த்தாலே தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும். புதுக் கட்டடத்துக்கு அந்தச் சாட்சி இல்லை; மனையின் வருவாய் வரைபடத்தில் காலுவே ஓடுகிறதா என்று வக்கீலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய சுவர் என்ன சொல்லும்

ரீசேல் வீட்டை மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பதே சரி. கூடத்தில் நின்று அளவைப் பாராட்டிக்கொண்டிருக்காமல் நேராகக் குளியலறைக்குப் பின்பக்கச் சுவருக்குப் போங்கள். கப்போர்டைத் திறந்து அடிப்பலகையைத் தொட்டுப் பாருங்கள், ஊறியிருந்தால் கையில் ஒட்டும். கூரையில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பால்கனியின் அடிப்பாகத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறதென்றால் அது ஒரு வீட்டின் பழுது அல்ல, கட்டடம் முழுவதற்கும் வரப்போகும் செலவு. இருபது வருடத்தைத் தாண்டிய கட்டடங்களில் ஜி.ஐ. எனும் இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்கும். குழாயைத் திறந்தால் முதலில் செம்மண் நிறத்தில் வரும். ஒயரிங் ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட் காலத்தது, ஏ.சி., கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, வாசலில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று தாங்காது. இவை சரிசெய்யக் கூடியவை. விலையில் குறைத்துக் கேட்டு வாங்கலாம். லிஃப்ட் மாற்றுவதும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பழுதுபார்ப்பதும் பொதுச் செலவு. வீட்டு ஓனர்கள் சங்கத்தின் கடைசி இரண்டு வருடக் கணக்கைக் கேட்டு வாங்கி, கார்ப்பஸில் பணம் இருக்கிறதா என்று பார்த்தால் நமக்கு எவ்வளவு வரும் என்று புரிந்துவிடும்.

ஐந்திலிருந்து பத்து வருடம் என்று முதலில் சொன்னது இதனால்தான். கட்டடத்தில் வெடிக்க வேண்டிய விரிசல் வெடித்திருக்கும், ஒழுக வேண்டியது ஒழுகியிருக்கும், சங்கம் சண்டை போட்டு முடித்து உட்கார்ந்திருக்கும். லிஃப்டுக்கும் குழாய்க்கும் இன்னும் காலம் இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு உட்பட்டதாக இருந்தால் பில்டரின் கட்டுமானப் பொறுப்பும் மிச்சமிருக்கும்.

முப்பது வருடப் பழைய மூன்று மாடிக் கட்டடம் வேறு கணக்கு. அங்கே வாங்குவது நிலத்தை. பத்திரத்தில் யு.டி.எஸ். என்று வரும் பிரிபடாத நிலப் பங்கு, அந்தச் சின்னக் கட்டடத்தில் 1,200 அடி வீட்டுக்கு 500, 600 சதுர அடி இருக்கலாம். உயர்ந்த டவரில் அதே அளவு வீட்டுக்கு அதில் பாதிகூட வராது. கட்டடம் தேயும், நிலம் ஏறும். ஆனால் இடித்துக் கட்ட எல்லா ஓனர்களும் ஒத்துப்போக வேண்டும். மும்பையில் இது அன்றாடம் நடப்பது, இங்கே இன்னும் பழகவில்லை. அதை நம்பியே விலை கொடுக்க முடியாது.

விற்பவருக்குக் கடன் பாக்கி இருந்தால் பயப்படத் தேவையில்லை. அசல் பத்திரங்கள் அவருடைய வங்கியில் இருக்கும். நம் வங்கி அந்தப் பாக்கியை நேரடியாகக் கட்டிப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளும். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராத வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் சொல்லியிருக்கிறது. வீட்டு விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 சதவீதம் டி.டி.எஸ். வரியாகப் பிடித்து விற்பவர் பெயரில் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கு பொருந்தாது, பிடிக்க வேண்டியது மிக அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் நகரக் கூடாது.

கடைசியாக, இந்த ஊரில் பரவலான ஒரு வழக்கம்: லீஸ். மாத வாடகை இல்லாமல், பத்துப் பதினைந்து லட்சத்தை மொத்தமாக ஓனரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவர்கள் பெங்களூரில் ஏராளம். காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். ஓனர் அதைச் செலவழித்திருப்பார். நாம் தரும் பணத்தில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். ஆகவே பார்க்கப் போகும் வீட்டில் யாராவது குடியிருந்தால், வாடகைக்கா லீசுக்கா, லீஸ் தொகை எவ்வளவு, எப்போது முடிகிறது என்று குடியிருப்பவரிடமே கேளுங்கள். விற்பவர், வாங்குபவர், லீஸ்காரர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு பேப்பர் போட்டு, லீஸ் தொகையை நாமே நேரடியாக அவர் கணக்குக்கு அனுப்பி, அவர் சாவியை நம் கையில் கொடுத்த அன்றைக்குத்தான் மீதிப் பணத்தையும் பதிவையும் வைத்துக்கொள்ள வேண்டும்.